பிரேக்கா, காலா?

அக்கா,

இன்று காலை தலவாக்கலை கராஜில் பாஸ் பிரேக் ஒயில் போத்தலைத் திறந்தபோது அந்த வாடை வந்தது. லேசாக மீன், லேசாக ஸ்பிரிட். ஒரு முறை விரலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவினாலும் போகாதே, அதே வாடை. எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த எல்லோரும் பாஸ்தான். ஆனால் நம் இரண்டு பேருக்கும் பாஸ் என்றால் இந்த ஒருவர்தான்.

"போத்தல் சீலை என் கண்ணு முன்னால ஒடைக்கணும்னு சொன்னேன்ல?" என்றேன்.

"ஒங்க கண்ணு முன்னாலதானே டீச்சர் ஒடைச்சேன். நீங்கதான் போனைப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

நான் நம்பவில்லை. மூடியை வாங்கி, அறுந்த வளையம் புதிதாக அறுந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிதுதான். அப்படியும் மனது ஆறவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "நீர் பொலிசில சேர்ந்திருக்க வேணும்" என்று சொல்லிச் சிரித்திருப்பீர்கள். உங்கள் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அதில் யார் கை வைத்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

முதலில் உங்களையே சந்தேகப்பட்டவள் நான். வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கு டீச்சர் வருகிறார் என்றதும் ஆசிரியர் அறையில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. வருவார்கள், குளிர் என்பார்கள், அட்டை என்பார்கள், ஊருக்கு மாற்றம் கிடைத்ததும் பெட்டியைக் கட்டுவார்கள். பாதியில் நின்ற பாடத்தோடு பிள்ளைகள் பரீட்சைக்குப் போவார்கள். நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். போதாததற்கு வந்த அன்றே என்னைப் பார்த்து, "நீர்தானே தமிழ் டீச்சர்?" என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் யாரும் 'நீர்' போட்டுப் பேசுவதில்லை. கூத்தில் ராஜா மந்திரியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மரியாதை தெரியாத மனுஷி என்று நினைத்து வெகுநாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். உங்கள் ஊரில் அது சரிசமமாக நினைக்கிறவரோடு பேசும் வார்த்தை என்பது பிறகுதான் தெரிந்தது.

உங்களுக்கும் மாற்றம் வந்தது. நீங்கள் போகவில்லை. மறுபடியும் வந்தது, போகவில்லை. ஏன் என்று கேட்டால், "இந்த வருசப் பிள்ளையள் எழுதி முடிக்கட்டும்" என்பீர்கள். அதையும் நான் சும்மா விடவில்லை. ஊரில் ஏதாவது சண்டையா, யாருக்காவது பயந்து இங்கே கிடக்கிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் நீங்கள் ஊருக்குப் போய், அந்த வெள்ளை நிற சின்ன ஜப்பான் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து தலவாக்கலையில் நிறுத்தினீர்கள். அன்றைக்குத்தான், சரி, இந்த மனுஷி இருக்கத்தான் போகிறாள் என்று நம்பினேன்.

பாடசாலைக்கு பஸ் பாதி வழிதான். மீதி மேட்டை நடந்துதான் ஏற வேண்டும். அந்த நடை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கார் வந்த பிறகு நாம் இரண்டு பேரும் காலையில் சேர்ந்து ஏறுவோம், பின்னேரம் சேர்ந்து இறங்குவோம். அதனால் கார் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "இது ஓடுமட்டும் நான் இஞ்சதான். இது நிண்டால் ஊருக்கு எழுதிக் குடுக்க வேண்டியதுதான்" என்று ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னீர்கள். நான் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன்.

பிரேக் கெட்டது ஒரு பின்னேரம், பாடசாலையிலிருந்து இறங்கும்போது. வளைவில் தேயிலைக் கொழுந்து லொறி நின்றுகொண்டிருந்தது. நீங்கள் மிதித்தீர்கள். கார் நின்றது, ஆனால் லொறியின் பின் பலகையில் எழுதியிருந்த சாமி பெயரைப் படிக்கிற தூரத்தில் நின்றது. உங்கள் முகத்தில் இரத்தமே இல்லை.

"மெத்தெண்டு போச்சு" என்றீர்கள். "கால் உள்ளுக்க போகுது. பிடிக்குதில்லை."

அன்றைக்கே பாஸிடம் கொண்டுபோனோம். "பிரேக் மெத்தெண்டு இருக்கு" என்று நீங்கள் சொன்னதும், அந்த மனிதர் கதவைத் திறந்து டிரைவர் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "மெத்தை நல்லாத்தானே டீச்சர் இருக்கு?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிரேக் மிதித்தால் புசுபுசு என்று உள்ளே போகிறது என்று எங்கள் பாஷையில் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

அப்புறம் அவர் செய்ததை எல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒயில் தாங்கியைத் திறந்தார், நிறைந்திருந்தது. ஒவ்வொரு சில்லாகக் கழற்றி உள்ளே ஒழுகிய தடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார், அது இறங்கவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று ஒவ்வொரு சில்லிலும் திருகியைக் கொஞ்சம் இளக்கி ஒயிலை விட்டுப் பார்த்தார், ஒரு குமிழி கூட வரவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

"ரோட்டில பிடிக்குதில்லையே" என்றீர்கள்.

அவர் உங்களைப் பார்க்காமல் உங்கள் காலைப் பார்த்தார். "டீச்சருக்குக் காலுல ஏதும் நோவா? படியேறயில வலது காலு கொஞ்சம் இழுத்துச்சே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் பொம்பளையின் காலைக் குறை சொல்கிறான் என்று பட்டது. நீங்கள் காரில் ஏறினீர்கள். செருப்பு பெரிது, அதுதான் இழுக்கிறது என்று போகிற வழியில் நீங்களாகவே சொன்னீர்கள். நான் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம். நல்ல சாமானைக் கழற்றி எடுத்துவிட்டுப் பழையதை மாட்டியிருப்பாரோ என்று பாஸ் மேல் சந்தேகம். அடுத்த முறை காரை விடுவதற்கு முன் பொனட்டைத் திறந்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு சாமானிலும் என் சிவப்பு நெயில் பொலிஷால் பொட்டு வைத்தேன். "இதென்னடியப்பா, காருக்குக் கலியாணமோ?" என்று கேட்டு அவ்வளவு சிரித்தீர்கள். கார் திரும்பி வந்ததும் தேடிப் பார்த்தேன். பொட்டு எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே எட்டாத சாமான் இருக்கிறதே என்று அப்போதும் விடவில்லை.

ஹட்டனில் இன்னொரு கராஜுக்குப் போனோம். அங்கேயும் ஒன்றுமில்லை என்றார்கள். அங்கிருந்தவன் என்னிடம் மெதுவாக, "லேடீஸ் மிதிச்சா அப்படித்தாங்க இருக்கும்" என்றான். கனடாவிலிருந்து உங்கள் தம்பி போன் எடுத்தார். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு சோறு கிளறிக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, ரெண்டு கராஜிலயும் ஒண்டுமில்லை எண்டால் பிழை காரில இல்லை. உங்களுக்கு வயசு போகுது. காரை வித்துப்போட்டு ஊருக்குப் போங்கோ" என்றார். அவரும் பாஸும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். எவ்வளவு பைத்தியம் பாருங்கள், இவருக்கு அவரை எங்கே தெரியும்!

போனை வைத்துவிட்டு நீங்கள் என்னைக் கேட்டீர்கள். "நீர் சொல்லும். பிரேக்கா, காலா?"

"பிரேக்குதான் அக்கா" என்றேன்.

"மிதிச்சுப் பாக்காமலே சொல்லுறீர்."

அது உண்மை. அப்போது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் உங்களைத் தெரியும். விடைத்தாளில் ஒரு புள்ளியைக் கூடக் கூட்டிக் குறைத்துப் போடுகிற ஆள் நீங்கள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நுவரெலியாவுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். நானுஓயா தாண்டி ஒரே இறக்கம். லிந்துலைக்கு வருவதற்கு முன்னாலேயே நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கைப் பிரேக்கை இழுத்து ஓரமாக நிறுத்தினீர்கள். ஏதோ தீய்ந்த நாற்றம். முன் சில்லுப் பக்கம் போனால் அடுப்பு மாதிரி அனல் அடித்தது. நீங்கள் இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தீர்கள்.

"அங்கால போய் இரும். ஒருக்கா மிதிச்சுப் பாரும்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டை மிதித்த மாதிரி, தரை வரைக்கும்.

"அக்கா, எனக்கும் போவுது!" என்று கத்தினேன். "எனக்கும் போவுது அக்கா!"

நீங்கள் ரோட்டோரத்தில் நின்று கையைத் தட்டினீர்கள். கண்ணில் தண்ணீர். பிரேக் இல்லாத காரை வைத்துக்கொண்டு இரண்டு டீச்சர்மார் மலை இறக்கத்தில் நின்று சந்தோஷப்படுவதை, மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மறுபடி மிதித்தேன். கல் மாதிரி நின்றது. எனக்குத் திக்கென்றது. நான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே! ஆனால் நீங்கள் முகம் மலர்ந்து சொன்னீர்கள்: "அதுதான் விசயம். சூட்டில வருது, ஆறினால் போகுது. கராஜுக்குப் போய்ச் சேரேக்க எப்பவும் ஆறிப்போகுது. அவையள் பாக்கேக்க ஒண்டும் இராது."

எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. மறுநாளே பாஸின் கராஜுக்குப் போய், வேலையை வைத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள் என்றேன். வர மாட்டேன் என்றார். "பயமா?" என்று கேட்டேன். ஏறிவிட்டார். மேலே ஏறித் திருப்பி, அதே இறக்கத்தில் விட்டோம். நீங்கள் ஓட்ட, அவர் முன்னால், நான் பின் சீட்டில் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு. இறக்கம் தொடங்கும் இடத்தில் உங்கள் கை வழக்கம் போல கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டது.

"டீச்சர், என்ன நியூட்ரல்ல போடுறீங்க?" என்றார் பாஸ்.

"பெற்றோல் மிச்சம்" என்றீர்கள், எல்லோரும் சொல்கிற மாதிரி.

அவர் தலையை ஆட்டினார். ஏனென்றால் அவரும் அப்படித்தான். பெற்றோலுக்காக ராவும் பகலும் வரிசையில் கிடந்த அந்த வருடத்தில் மலையில் வண்டி வைத்திருந்த முக்கால்வாசிப் பேர் பழகிக்கொண்ட வேலை அது. மேலே ஏறும் வரைதான் என்ஜின், இறக்கத்தில் சும்மா விட்டுவிடுவது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. என்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய கனத்தை எல்லாம் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது பழுதாகத் தெரியவில்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகித்தேன், அந்தக் கியர் கம்பியைச் சந்தேகிக்கவில்லை.

கீழே வந்து நின்றதும் பாஸ் குனிந்து கையால் பெடலை அழுத்தினார். கை தரையில் முட்டியது. மறுபடி அழுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

"இப்ப சொல்லுங்க, காலா?" என்று கேட்டேன்.

"ஒயிலு டீச்சர்" என்றார். பழைய பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தண்ணீர் சேர்ந்துபோகும். அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், அதனால் பெடல் தரைக்குப் போகும். ஆறினால் திரும்பத் தண்ணீர், பெடல் கல். அவர் இதைத் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் நாளே ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். எல்லா வண்டியிலும் ஒயில் இந்த நிறத்தில்தான் கிடக்கிறது என்றார். பழைய ஒயிலை வடித்தபோது பார்த்தேன். பால் விடாத கடும் பிளேன்டீ நிறம். புதியதை விட்டு, நான்கு சில்லிலும் தேன் நிறமாக வரும் வரைக்கும் வடிய விட்டார். இனிமேல் இறக்கத்தில் ரெண்டாம் கியர், நியூட்ரல் என்ற பேச்சே இருக்கக்கூடாது என்றார். தானும் விட்டுவிடுவதாகச் சொன்னார். அதை நான் நம்பவில்லை.

நீங்கள் அன்றே தம்பிக்குப் போன் போட்டீர்கள். "பிரேக்கிலதான் பிழை. கேட்டுக்கொள்ளும், பிரேக்கில" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்று மாலை நீங்கள் செய்த புட்டும் முட்டைப்பொரியலும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் பின்னேரம் பாடசாலையிலிருந்து இறங்கினோம். ரெண்டாம் கியரில் கார் உறுமிக்கொண்டு பத்திரமாக இறங்கியது. வட்டகொடை வளைவில் மாடு ஒன்று நடு ரோட்டுக்கு வந்தது. நீங்கள் மிதித்தீர்கள். கார் நிற்கவில்லை. மெதுவாக, ஆனால் நிற்காமல் போனது. நான் உங்கள் காலைப் பார்த்தேன். உங்கள் இடது கால் கிளச்சை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து, வலது காலின் மேல் ஏறி நின்று அழுத்தியது. என்ஜின் ஒரு இடி இடித்து அணைந்தது. மாடு நம்மைப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

"அந்தப் பாஸ் ஏதோ செஞ்சிட்டான்" என்று நான் கதவைத் திறந்தேன். "இறங்குங்க அக்கா, இப்பவே போயி அவன..."

"இல்லை" என்றீர்கள். "நீர் வந்து மிதியும்."

மிதித்தேன். லேசாகத்தான் அழுத்தினேன். கல்.

நீங்கள் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினீர்கள். வலது காலின் விரல்களை மேலே தூக்கப் பார்த்தீர்கள். அவை எழும்பவில்லை. கையால் அவற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "பாஸ் பாவம். பிரேக் நல்லாத்தான் இருக்கு. இனி நான் ஆரைச் சந்தேகப்படுறது?"

எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கு வரவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள். அதற்குப் பெயரும் சொன்னார்கள், அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது, எழுத மாட்டேன். நான் அவசர அவசரமாக லைசன்ஸ் எடுத்தேன். அந்த வருடப் பிள்ளைகள் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் ஓட்ட, நீங்கள் பக்கத்து சீட்டில் வந்தீர்கள். கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாதபோது, எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள். தமிழ் டீச்சர் அல்ஜிப்ரா எழுதுவதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. பிறகு தம்பி கனடாவிலிருந்து வந்து உங்களை ஊருக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்தார். புறப்படும்போது சாவியை என் கையில் வைத்தீர்கள்.

ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது, அக்கா. உங்களுக்கு முன்பே தெரியுமா? செருப்பு பெரிது என்றீர்கள். பாடசாலைப் படியை ஒழுங்காகக் கட்டவில்லை என்றீர்கள். காலையில் கால் மரத்தது குளிரால் என்றீர்கள். ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டிக்கொண்டு வந்தீர்கள். அந்த வரிசையில் பிரேக் வந்தபோது, பிரேக்கிலும் உண்மையாகவே பழுது இருந்ததால் அத்தனை சந்தோஷப்பட்டீர்களா? லிந்துலை ரோட்டில் உங்கள் கண்ணில் வந்த தண்ணீர் அதற்கா? கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் துருவிக் கேட்ட வாய் அதை மட்டும் கேட்கவில்லை.

கடைசியாக நீங்கள் போனில் பேசியது பாதி விளங்கவில்லை. நாக்கு குழறியது. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். "அண்டைக்கு... பிரேக்கிலயும்... பிழை இருந்ததுதானே?"

"இருந்திச்சு அக்கா. நான் மிதிச்சேன்ல" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி போனை வாங்கிவிட்டார்.

செத்தவீட்டுக்கு நான் வந்தேன். வவுனியா தாண்டும்போது விடிந்தது. முற்றத்துப் பந்தலுக்குக் கீழே ஆட்கள் நாற்காலி போட்டு இருந்தார்கள். உங்கள் தம்பி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்காவுக்குக் கால் ஏலாமல் போய்க் கனகாலம். அவ ஒத்துக்கொள்ளேல்லை. காரிலதான் பிழை, காரிலதான் பிழை எண்டு அடம்பிடிச்சவ, பாவம்." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பாவம் என்று அவர்களும் சொன்னார்கள்.

நான் எழுந்து போனேன். "இல்லீங்க. கார்லயும் பழுது இருந்திச்சு" என்றேன்.

தம்பி என்னை அப்போதுதான் கவனித்தார். அவர் கோபப்படவில்லை, களைத்துப் போயிருந்தார். "இருக்கட்டும் டீச்சர். இப்ப அதில என்ன கிடக்கு?"

"அவங்க பொய் சொல்லல" என்றேன். "அது கெடக்கு."

யார் இந்த மலைநாட்டுப் பொம்பளை என்கிற மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். உங்கள் கால் உங்களை ஏமாற்றியது உண்மை. அதற்கு முன்னால் அந்தப் பிரேக் உங்களை ஏமாற்றியதும் உண்மை. முதலாவதற்கு டாக்டர்மார் இருக்கிறார்கள், ஊரே இருக்கிறது. இரண்டாவதற்கு பாஸ் ஒரு சாட்சி, ஆனால் பழுதைத் தான்தான் கண்டுபிடித்ததாக அவர் தலவாக்கலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், அவர் சாட்சியை நான் நம்ப மாட்டேன். மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். அதனால் உங்கள் பேச்சு எங்கே வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இதைச் சொல்லாமல் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை: அந்தப் பிரேக் என் காலுக்கும் போனது.